சாயம் ஏற்றும் முன் தரைக்கு ஆசிட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய சிமென்ட் தரையை உடைத்து டைல்ஸ் ஒட்டாமல், அதற்கே சாயம் ஏற்றிப் புதிதாக்கலாம் என்று தங்கள் நாளிதழின் வீட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை. பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டினம், ஊத்தங்கரை பக்கமெல்லாம் சிமென்ட் தரை வீடுகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. தரை கெட்டியாக இருக்கும்போது அதை உடைத்து வண்டி வண்டியாக அள்ளிக் கொட்டுவானேன்? ஆனால் அந்தக் குறிப்பில், ‘முதலில் ஆசிட் ஊற்றித் தரையை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. தரை வேலையே பிழைப்பாக உள்ளவர்கள் என்ற முறையில் அந்த வரியைத் திருத்தத்தான் இதை எழுதுகிறோம். எழுத உட்கார்ந்ததும், விட்டுப்போன மற்ற சங்கதிகளும் சேர்ந்துகொண்டன.

கடையில் போய்த் தரைக்குக் கலர் என்று கேட்டால் மூன்று வேறு சரக்கில் ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒன்று தரை பெயின்ட். இது தரைமேல் ஒரு படலமாக உட்காரும்; அடியிலிருந்து ஈரம் ஏறினால் கொப்புளித்து உரியும். இரண்டாவது, தண்ணீரில் கலந்து அடிக்கும் சாயம். நுண்ணிய நிறப்பொடியும் அக்ரிலிக் பசையும் கலந்த இது, தரையின் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது ஆசிட் ஸ்டெயின். இதில் நிறப்பொடியே கிடையாது. இரும்பு, மாங்கனீசு, தாமிரம் போன்றவற்றின் உப்புகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்திருப்பார்கள். சிமென்ட் இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்பு தரைக்குள் இருக்கிறதல்லவா, அதனோடு இந்த உப்புகள் வினைபுரிந்தால்தான் நிறமே பிறக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போலத்தான் இதுவும்.

இப்போது அந்த வரிக்கு வருவோம். டைல்ஸ் வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவது நம் ஊர் வழக்கம். அதே கையோடு சிமென்ட் தரையிலும் ஊற்றினால், ஆசிட் முதலில் தின்பது மேல்பரப்பில் இருக்கும் சுண்ணாம்பைத்தான். அதன்பின் ஆசிட் ஸ்டெயினை அடித்தால் அது வினைபுரிய அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது. வாங்கிய நிறம் தேக்கு மரப் பழுப்பாக இருக்கும், தரையில் தெரிவதோ வெளிறிய திட்டுகள். கூடவே மேல் சிமென்ட் கரைந்து மணல் தலைகாட்டும். கூட்டக் கூட்ட மாவு உதிரும். ஏற்கெனவே ஆசிட் ஊற்றிவிட்ட தரையாக இருந்தால் ஆசிட் ஸ்டெயினை மறந்துவிட்டுத் தண்ணீர்ச் சாயத்துக்குப் போவதே மேல். அதற்கும் முன்பு, 10 லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் சமையல் சோடா கலந்து தேய்த்து, மிச்ச ஆசிட்டை முறித்துக் கழுவிவிட வேண்டும்.

ஆசிட் இல்லாமல் தரையைத் தயார் செய்வது எப்படி என்று கேட்பது நியாயம். நம் பக்கத்துத் தரைகளில் பெரும்பாலும் மேலே சிமென்ட் பால் ஊற்றி இரும்புக் கரண்டியால் வழவழவென்று இழைத்திருப்பார்கள். அந்த மேல்தோல் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் எந்தச் சாயமும் உள்ளே போகாது. அதை உப்புத்தாள் கொண்டு லேசாகத் திறந்துவிட வேண்டும். 80 நம்பர் தாள் போட்ட இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் ஓர் அறை சீக்கிரம் முடிந்துவிடும். சின்ன இடத்துக்குச் சாணைக்கல்லும் தண்ணீரும் போதும். உலர்வாகத் தேய்ப்பதாக இருந்தால் முகக்கவசம் கட்டாயம். சிமென்ட், மணல் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பளபளப்பு போய் மங்கலாகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம். ஜல்லி தெரியும்வரை தேய்க்க வேண்டியதில்லை.

திறந்துவிட்டதா என்று பார்க்க, அறையின் நடுவில், மூலையில், கட்டிலுக்கு அடியில், அடுப்பங்கரை வாசலில் என நாலைந்து இடத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சித் தரை கறுத்தால் சரி. முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெயோ மெழுகோ பழைய பெயின்டோ இருக்கிறது. அதே இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கலாம். பொடிப் பொடியாக நுரைத்தால் சாறு சிமென்டைத் தொடுகிறது. நுரையே இல்லையென்றால் நடுவில் ஏதோ மறிக்கிறது. பார்த்ததும் சாற்றைத் துடைத்துவிடுங்கள்.

எண்ணெய்க் கறைக்குச் சலவை சோடா. 5 லிட்டர் வெந்நீரில் 100 கிராம் போட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது. ஊறிப்போன கறை அதற்கும் அசையாது. அங்கே சாக்பீஸ் தூளையோ முல்தானி மட்டியையோ அதே சோடாத் தண்ணீரில் களியாகக் குழைத்து, அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, மேலே பாலிதீன் மூடி ஓர் இரவு விட்டு, பிறகு திறந்து காயவைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். காயக் காயத்தான் எண்ணெய் மேலே ஏறித் தூளுக்குள் வரும். ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட்டால் பயனில்லை. வாசலில் பெயின்டால் போட்ட நிரந்தரக் கோலத்தைப் பெயின்ட் ரிமூவர் போட்டு முழுக்க எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாயத்துக்கு நடுவே அந்தக் கோலம் வெளிறிய கோடாக அப்படியே தெரியும். சுவருக்குப் பட்டி பார்த்தபோது சிந்திய சொட்டுகளும் இதே கதைதான். தேங்காயெண்ணெய் போட்டுப் போட்டு மெருகேறிய பழைய காவித் தரை உள்ளவர்களுக்கு எங்கள் யோசனை: சாயமே வேண்டாம், அதை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த மெருகு எந்த டப்பாவிலும் வராது.

அடுத்தது ஈரம். பழைய வீடுகளில் தளத்துக்கு அடியில் பாலிதீன் விரித்திருக்க மாட்டார்கள். செம்மண் நிரவி, அதன்மேல் நேராகக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் மண்ணின் ஈரம் மேலே ஏறும். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் துண்டு ஒன்றை எடுத்து நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுத் திறந்து பாருங்கள். அடியில் வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. இந்தச் சோதனையைச் சித்திரை வெயிலில் செய்துவிட்டுத் தரை காய்ந்திருக்கிறது என்று நம்பக் கூடாது. ஐப்பசியில் செய்தால்தான் உண்மை தெரியும். ஈரம் ஏறும் தரையில் சாயம் நிற்கும், ஆனால் சாயத்தைக் காக்க அதன் மேலே பூசும் காப்புப் பூச்சான சீலர் கெட்டியாக இருந்தால் வெளுத்துக் கொப்புளிக்கும். அங்கே ஈரத்தை வெளியே விடும் ஊடுருவும் சீலரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இதெல்லாம் தேறினாலும், கடை அட்டையில் இருக்கும் நிறம் உங்கள் தரையில் அப்படியே வராது. சிமென்டின் வயது, மணல், இழைத்த விதம், எல்லாமே நிறத்தை மாற்றும். பழைய தரையில் சுண்ணாம்பு குறைந்திருப்பதால் ஆசிட் ஸ்டெயின் சற்று வெளிறியே பிடிக்கும். ஆகவே கதவுக்குப் பின்னால் ஓர் அடிச் சதுரத்தில் அடித்து, கழுவி, சீலரும் போட்டுப் பார்த்த பிறகே மொத்தச் சரக்கையும் வாங்குங்கள்.

ஆசிட் ஸ்டெயின் அடிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அழிரப்பர் கிடையாது. அறையில் இருக்கும் பீரோ, பிரிட்ஜ், இரும்புக் கட்டில் எல்லாம் வெளியே போகட்டும். ஆசிட் ஆவி பட்டாலே துரு பிடிக்கும். சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்குப் பாலிதீன் ஒட்டுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் வேண்டும். தெளிப்பான் முழுக்க பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். வயலுக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானை எடுத்து வருகிறவர்கள் உண்டு. அதன் பித்தளை முனையை ஆசிட் அரித்து, நிறத்தையும் மாற்றிவிடும். 10க்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. முதல் கைக்கு, அதாவது முதல் பூச்சுக்கு, லிட்டருக்குச் சுமார் 50 சதுர அடியும் இரண்டாவது கைக்குச் சுமார் 100 சதுர அடியும் வரும் என்று வைத்துக்கொண்டால் 4 லிட்டர் வாங்கினால் போதும். எல்லா டப்பாவையும் ஒரே பிளாஸ்டிக் வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள்; டப்பாவுக்கு டப்பா நிறம் சற்றே மாறும்.

கதவிலிருந்து தூரமான மூலையில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி தெளித்து, நைலான் பிரஷ்ஷால் எட்டுப் போடுவது போலத் தேய்த்து, ஓரம் காயும் முன்பே அடுத்த சதுரத்தைச் சேர்க்க வேண்டும். ஓரம் காய விட்டால் அந்த இடத்தில் கறுத்த கோடு விழும், அது போகாது. தேநீர் இடைவேளை சுவருக்குச் சுவர் முடித்த பிறகுதான். தேங்கி நிற்கும் குட்டையும் கூடாது, ஈரத்தில் கால் வைப்பதும் கூடாது. செருப்புத் தடம் அப்படியே பதிந்துவிடும். வெயிலில் சுட்டுக் கிடக்கும் மொட்டை மாடியிலும் போர்டிகோவிலும் காலை 8 மணிக்குள் முடிப்பது போலத் திட்டமிடுங்கள். சூடான தரையில் சாயம் ஊறும் முன்பே காய்ந்து திட்டாகிவிடும்.

அடித்த ஸ்டெயின் மெல்ல நுரைத்து அடங்கும். 4 மணி நேரத்திலிருந்து மறுநாள் வரை, டப்பாவில் சொன்னபடி விட வேண்டும். பிறகு மேலே படிந்திருக்கும் துருநிறத் தூளைப் பார்த்து, இதுதான் நிறம் என்று பலர் அப்படியே சீலர் போட்டுவிடுகிறார்கள். அது வினை முடிந்த கசடு. அதை எடுக்காவிட்டால் சீலர் தரையைப் பிடிக்காமல் அந்தத் தூளைப் பிடித்து, சில மாதத்தில் தகடு தகடாகப் பெயர்ந்து வரும். முன்னே சொன்ன அதே சமையல் சோடாக் கரைசலால் தேய்த்து, மூன்று நான்கு முறை கழுவி, ஈரத் தரையை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறும்வரை கழுவல் முடியவில்லை. கழுவிய தண்ணீரைத் தென்னைக்கோ பூச்செடிக்கோ கிணற்றடிக்கோ விட வேண்டாம்; உலோக உப்புகள் அதில் இருக்கின்றன. எந்தக் கட்டத்திலும் பிளீச்சிங் பவுடரை ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள், கிளம்பும் குளோரின் வாயு ஆளையே சாய்த்துவிடும்.

கடைசிக் கழுவலுக்கு எந்தத் தண்ணீர் என்பது தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டத்துக்காரர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி. போர் தண்ணீர் பல ஊர்களில் கடின உப்புத் தண்ணீர். காய்ந்ததும் வெள்ளைப் படலம் விட்டுப் போகும். சீலருக்கு அடியில் அது மாட்டிக்கொண்டால் நிறமே சாம்பல் பூத்ததாகத் தெரியும். முதல் கழுவல்களுக்கு போர் தண்ணீர் ஆகட்டும். கடைசி ஒன்றுக்கு மட்டும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையோ மழைநீரையோ இரண்டு குடம் ஒதுக்கி வைத்து, துடைப்பானால் வழித்தெடுத்துவிடுங்கள். தண்ணீர்ச் சாயத்தை நீர்ப்பதற்கும் இந்தத் தண்ணீரே ஆகும்.

காய்ந்த தரையைப் பார்த்தால் மனம் நொந்துவிடும். மண் பூசியது போல மங்கிக் கிடக்கும். ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடையுங்கள், அப்போது தெரிவதுதான் சீலர் போட்டபின் வரப்போகும் நிறம். அது போதவில்லை என்றால் இரண்டாவது கை இப்போது.

தண்ணீர்ச் சாயம் இவ்வளவு பயமுறுத்தாது. தரையைத் திறந்துவிட்டு, ஈரத் துணியால் தூசு துடைத்து, காய்ந்ததும் இரண்டு மெல்லிய கை, நடுவே டப்பாவில் சொன்ன இடைவெளி. ஆசிட் ஸ்டெயின் பழுப்பு, தேன், பச்சை என்று சில நிறத்தோடு நின்றுவிடும். தண்ணீர்ச் சாயத்தில் விரும்பிய நிறம் கிடைக்கும், ஒரே சீராகவும் வரும். கெட்டியாக அடித்தால் பெயின்டாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைச்செலவு குறைவாக ஒரு வழி இருக்கிறது: அன்னபேதி. நிலக்கடலைக்கும் கரும்புக்கும் இலை வெளுத்தால் போடுகிறோமே, அதே இரும்பு சல்பேட்தான், உரக்கடையில் கிடைக்கும். லிட்டருக்கு 100 கிராம் வீதம் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் துணியில் வடிகட்டி, பிரஷ்ஷால் சீராகப் பூச வேண்டும். பூசியவுடன் தரை அழுக்குப் பச்சையாகத் தெரியும். காற்றுப் பட்டு மெல்ல மெல்லத் துருப் பழுப்புக்கு மாறும், மறுநாள்தான் முழு நிறம். இதற்கு ஆசிட் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. இரண்டு கையோடு நிறுத்திக் கழுவிவிடுங்கள்; சல்பேட் உப்பு சிமென்டில் நிறையத் தங்குவது நல்லதல்ல. நிறம் ஒன்றே ஒன்றுதான், பிடிக்கவில்லை என்றால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வெளிவாசலுக்குப் பச்சை, நீலம் கேட்பவர்கள் அதிகம். ஆசிட் ஸ்டெயினில் அந்த நிறங்கள் தாமிர உப்பால் வருபவை. ஈரத்தில் நாளடைவில் பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறும். தினமும் தண்ணீர் தெளித்துக் கோலம் போடும் வாசலில் அதைப் போடுவது பணத்தைத் தெளிப்பதுதான். அங்கே இரும்புப் பழுப்பு நிற்கும்.

சீலர் விஷயத்தில் ஒரே சூத்திரம், மெல்லியதாக இரண்டு கை. ஒரே கையாகக் கொட்டி இழுத்தால் குமிழி விழும், வெளுக்கும். தரை கழுவியபின் இரண்டு நாளாவது காய வேண்டும். உள்ளறைக்கு அக்ரிலிக் போதும். எபாக்சி உறுதியானது, ஆனால் வெயிலில் மஞ்சளாகும், வெளியே வேண்டாம். தின்னர் கலந்த சீலர் என்றால் அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்க வேண்டும், ஆவி தீப்பிடிக்கும். கிணற்றடி, குளியலறை, படிக்கட்டில் சீலரோடு வழுக்காத தூள் கலந்து போடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பளபளப்பைவிட அதுதான் முக்கியம். உள்ளே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் வெளியே அதற்கு முன்பும் சீலரைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

நம் பக்கத்துத் தரைக்கென்றே ஓர் எதிரி உண்டு: புளி. மாசி, பங்குனியில் வீட்டுக்கு வீடு புளி தட்டி, கொட்டை எடுத்து, கூடத்திலேயே குவித்து வைக்கிறார்கள். புளியின் அமிலம் சீலர் தேய்ந்த இடத்தில் இறங்கிச் சிமென்டையே அரிக்கும். பிறகு அந்த இடம் சொரசொரவென்று வெளிறிப்போகும், சாயம் மறுபடி ஏறாது. கெட்டித் தார்ப்பாய் விரிக்காமல் சாயத் தரையில் புளி வேண்டாம். எலுமிச்சை, மோர், ஊறுகாய் சிந்தினால் உடனே துடைப்பது நல்லது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் திரவத்தை இந்தத் தரைப்பக்கமே கொண்டுவரக் கூடாது; சாதாரண சோப்புத் தண்ணீர் போதும்.

புதிதாகத் தளம் போடப் போகிறவர்கள் ஆசிட் ஸ்டெயினுக்கு 28 நாள் பொறுக்க வேண்டும். அவர்களுக்குச் சாயத்தைவிடக் கலவையிலேயே ஆக்சைடு என்ற நிறப்பொடியைக் கலப்பது மலிவு. சிமென்ட் எடையில் 5 விழுக்காடு, அதாவது 50 கிலோ மூட்டைக்கு இரண்டரைக் கிலோ. 10 விழுக்காட்டைத் தாண்டினால் கலவையின் வலு குறையும். பழைய கொத்தனார்கள் மூன்று பங்கு சிமென்டுக்கு ஒரு பங்கு காவி என்று கலந்தது மேலே இழைக்கும் மெல்லிய பூச்சுக்கு மட்டும். ஓர் அறைக்கு வேண்டிய சிமென்டையும் ஆக்சைடையும் ஒரே தடவையில் உலர்வாகக் கலந்து சலித்து வைத்துக்கொள்ளாவிட்டால் நிறம் பாதிப் பாதியாகத் தெரியும். அடித்தளம் பச்சையாக இருக்கும்போதே மேல் பூச்சு விழ வேண்டும், நாலைந்து அடிக்கு ஒரு பிரிப்புப் பட்டை விட வேண்டும், மறுநாளிலிருந்து ஒரு வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஈரம் வற்றட்டும் என்று மேலே வெறும் சிமென்ட் தூவுகிற மேஸ்திரியை அங்கேயே தடுத்துவிடுங்கள். அந்தத் தூள்தான் பின்னால் மயிரிழை வெடிப்பாக வருகிறது.

ஒரு கோரிக்கை. ஆசிட் ஸ்டெயின், சீலர் டப்பாக்களை வாங்கிப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள். கலவை அளவு, காயும் நேரம், கையுறை, முதலுதவி இவற்றையாவது தமிழில் அச்சிட்ட துண்டுத்தாளாகக் கடைக்காரர்கள் கொடுக்கலாம். தயாரிக்கும் கம்பெனிகளிடம் கேட்டுப் பெற்றுத் தர அவர்களால் முடியும். தங்கள் பக்கத்தில் ஆசிட் பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தத்தை, முடிந்தால் அடுத்த வாரமே வெளியிட வேண்டுகிறோம். மழைக்கு முன் வேலையை முடிக்கப் பலர் இப்போதே தொடங்கியிருப்பார்கள்.

இப்படிக்கு,
தரை வேலைக் கொத்தனார்கள் சிலர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.